கருப்பைக்குள் போன கேமரா

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்றதும் புதுவாயலில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். பால் வாங்கப் போனால்கூட ஒரு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள். என் மாமியார் வைத்தியத்தோடு நிற்கவில்லை. ஆரம்பாக்கம் பக்கம் தன் மகனுக்கு வேறொரு பெண்ணையே விசாரித்து வைத்திருந்தார். அதை என் காதுபடவே போனில் பேசுவார். அவ்வளவு நல்ல மனசு.

திருவள்ளூர் டாக்டரம்மா முதலில் கேட்டது என் கணவரின் விந்துப் பரிசோதனையை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். "எம் புள்ளைக்கு இன்னா கொற? இவள மொதல்ல பாருங்க" என்றார் மாமியார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி கண்டெய்னர் தூக்குகிற ஆம்பளை, அந்த டப்பாவைத் தொடக்கூட இல்லை. சுவரில் இருந்த குழந்தைப் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

சரி, நானே படுத்தேன். ஸ்கேனில் ஏதோ தெரிகிறது, ஹிஸ்டரோஸ்கோப்பி செய்யலாம் என்றார்கள். கேமரா வைத்த மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியாக உள்ளே விட்டு, உப்புத் தண்ணீர் செலுத்தித் திரையில் பார்த்தார்கள். வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஊரே பழித்த என் கருப்பை இளஞ்சிவப்பாக, ரொம்ப சாதுவாக இருந்தது. ஓரத்தில் குட்டியாக ஒரு சதை. அப்போதே அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

மாமியாருக்கு அது போதாதா? ஆஸ்பத்திரி வாசலிலேயே போனை எடுத்தார். "அவளுக்குத்தான் உள்ள சதை வளந்துக்கினு இருந்துச்சாம். நான் அப்பவே சொல்லல?" கணவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மறுவாரம் ரிசல்ட் வாங்கப் போனோம். "கெட்ட சதை இல்ல. கர்ப்பப்பை நல்லா இருக்கு. அந்தச் சின்னச் சதைதான் காரணம்னு சொல்ல முடியாது. இனிமே அவர் டெஸ்ட் பண்ணாம நான் ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"சதையத்தான் எடுத்தாச்சே, இன்னும் இன்னா டெஸ்டு? பேஜாரு புடிச்ச டாக்டரு" என்றார் மாமியார், வெளியே வந்ததும்.

நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கணவரிடம் சொன்னேன். "எனக்கு உள்ள வரைக்கும் கேமரா உட்டுப் பாத்தாச்சு. நீ அந்த டப்பாவ வாங்கிக்கினு ரூமுக்குப் போயிட்டு வா. நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, "இன்னாம்மா சொல்ற?" என்று தன் அம்மாவைக் கேட்டார்.

நான் எழுந்து, மணவாள நகரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். நல்லவேளை, இந்த ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பெற்றுத் தரவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்த பிறகுதான் அழுகை வந்தது.