ஷாகுல் ஹமீது நினைவு அலமாரி

எறணாகுளம் பக்கத்துக் கொச்சங்காடி வாசகசாலையில் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் முதலில் ஊர்ப் பெரிய மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும். புத்தகம் எதைப் பற்றியது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை, யார் கொடுத்தது என்பதுதான் முக்கியம். பத்து அலமாரி, பத்துக் குடும்பம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கொடுத்தவர் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும். ஜவுளிக்கடைக்காரர் அலமாரியில் ரசாயனம் இருக்கும், பல் டாக்டர் அலமாரியில் ஜோசியம் இருக்கும். பிரித்து வைத்தால் கொடுத்தவர் மனசு நோகுமாம். நல்ல நியாயம்!

இந்தக் கூத்து முழுவதையும் தலைக்குள் வைத்திருந்தவர் வீரபாண்டி. மதுரைப் பக்கமிருந்து கொப்பரை மூட்டை தூக்க வந்தவரின் மகன். 1953இல் வாசகசாலையைக் கூட்டிப் பெருக்க வந்து சேர்ந்தார். அங்கேயே உட்கார்ந்து படித்து, தனியாகப் பரீட்சை எழுதி, முப்பத்திரண்டு வயதில் பி.ஏ. வாங்கினார். யார் எதைக் கேட்டாலும் நாற்காலியில் இருந்தபடியே அலமாரியையும் தட்டையும் சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம் 1961 மழைக்காலத்தில் போயிற்று. டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தார். எழுந்து வந்து பதிவேட்டைப் பார்த்தால் அத்தனை நாளில் நான்கே நான்கு புத்தகம் வெளியே போயிருந்தது. காலேஜில் படிக்கும் ஒரு பெண் ரசாயனப் புத்தகம் தேடி மூன்று நாள் நடந்து, இல்லையென்று திரும்பிப் போயிருந்தாள். புத்தகம் என்னவோ ஜவுளிக்கடைக்காரர் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் பரீட்சையில் தவறிவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று வீரபாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. தான் இல்லாவிட்டால் அந்த இடம் வெறும் மரச்சாமான் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. லைப்ரரி சயன்ஸ் பட்டம் படித்தே தீர்வது என்று முடிவு செய்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து விண்ணப்பம் வந்து சேர 1963 ஆயிற்று. வேலையில் இருப்பவர்கள் பாடங்களை இரண்டு வருஷமாகப் பிரித்துப் படிக்கலாம். எந்தப் பாடம் எந்த வருஷம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து வயது தாண்டினால் இந்தச் சலுகை கிடையாது. வீரபாண்டிக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது.

மனைவி ஓமனாவும் அவரும் சாயாவை ஆறவிட்டுத் திட்டம் போட்டார்கள். பகுப்பு முறையும் அட்டவணை தயாரிப்பும் முதல் வருஷம். நிர்வாகமும் மற்றதும் இரண்டாம் வருஷம். டைபாய்டு வந்ததை நினைத்து, மழைக்காலத்தில் கனமான பாடம் வேண்டாம் என்றாள் ஓமனா, அதுவும் சரிதான். கடைசியாக ஒரு விருப்பப் பாடம் மிஞ்சியது. ஒன்று, தன் நூலகத்தையே பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கிக் காட்டும் செய்முறை. அல்லது நூலக வரலாறு. செய்முறை என்றால் நூலகத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

தலைவர் அப்துல் நாசர் சுக்கு வியாபாரி. இருப்பதிலேயே பெரிய அலமாரி அவருடைய வாப்பா ஷாகுல் ஹமீதின் பெயரில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம். வீரபாண்டி அவருடைய சுக்குப் பண்டகசாலைக்குப் போய் விண்ணப்பத்தை நீட்டினார். நாசர் கோபப்படவில்லை.

“வாப்பாவுக்கு எழுத்து தெரியாது வீரபாண்டி, கைநாட்டுதான்” என்றார். “அந்த அலமாரி முன்னால நிக்கும்போது மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வராது. அதையும் பிரிச்சுப் போட்டா அவருக்குன்னு என்ன மிச்சம், நீயே பறை, கேக்கிறேன்.”

வீரபாண்டி விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு திரும்பினார். வீட்டுக்கு வந்து விருப்பப் பாடத்துக்கு நேரே நூலக வரலாறு என்று எழுதினார். ஓமனா எட்டிப் பார்த்தாள்.

“சரித்திரம் படிச்சிட்டு வந்து, அந்தப் பொண்ணு மாதிரி இன்னொருத்தி வந்தா என்ன செய்யப் போறீங்க?”

சுருக்கென்று தைத்தது. எழுதியதை அடித்தார்.

மூன்று நாள் பதிவேடும் கையுமாக உட்கார்ந்தார். ஷாகுல் ஹமீது கொடுத்த புத்தகங்கள் பிரித்தால் எங்கெங்கே போகும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். கிழவரின் பெயர் காணாமல் போய்விடும் என்ற பயம் அவருக்கும் இருந்தது. எழுதி முடித்தபோது கதை வேறாக இருந்தது. பயம் இருந்த இடம் தெரியவில்லை. பட்டியலையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு மறுபடி நாசரிடம் போனார்.

“இப்போ வாப்பா ஒரு அலமாரியில இருக்காரு முதலாளி. பிரிச்சா, வைத்தியம் கேட்டு வர்றவன் கையிலும் முதல் பக்கத்துல அவர் பேர் போட்ட புத்தகம்தான் போகும். படகு என்ஜின் ரிப்பேர் கேட்டு வர்றவன் கையிலும் அதேதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் இருப்பாரு.”

நாசர் விரலை வைத்துப் பட்டியலை வரிவரியாகப் படித்தார். வைத்தியம், சட்டம், மார்க்கம், கப்பல், கதை, கணிதம். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“எதுல அவர் இல்லே?”

“சமையல்ல மட்டும் இல்லை முதலாளி.”

நாசர் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தார். விண்ணப்பத்தை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

கடைசித் தேதிக்குள் போய்ச் சேர, விண்ணப்பம் சனிக்கிழமைத் தபாலில் சேர்ந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் பட்டம் இல்லை. வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. போய்க் கேட்க வீரபாண்டிக்கு நாக்கு எழவில்லை. சரி, நமக்கு விதித்தது இவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சனிக்கிழமை காலை வாசகசாலையைத் திறந்தார்.

ஒன்பது மணிக்கு நாசர் வந்தார். விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார், கையெழுத்து இருந்தது. அதன்மேல் ஒரு பொட்டலத்தையும் வைத்தார். பிரித்தால் எறணாகுளத்தில் வாங்கிய புத்தம்புதுச் சமையல் புத்தகம். முதல் பக்கத்தில் நாசரின் கையெழுத்தில், ‘ஷாகுல் ஹமீது அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தது.