ஜீப் போகாத இடத்து மண்

நான்கு வருடம் முன்பு, ஐப்பசி மாதம். கல்வராயன் மலைமேல் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலை. எனக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை, ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசர் வேலை. அதுவரை பார்த்த வேலையெல்லாம் சமவெளியில்தான். ஆனாலும் எல்லாம் தெரியும் என்ற நினைப்புக்கு மட்டும் குறைவில்லை.

மலைச்சரிவை எவ்வளவு செங்குத்தாக வெட்டலாம் என்று தெரிய, மூன்று இடத்தில் குழி தோண்டி மண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். தோண்டினேன். எங்கே? ஜீப்பை நிறுத்த வசதியான இடங்களில். புதர் மண்டிய நடுப்பகுதிக்கு யார் ஏறிப் போவது! மூன்று குழியிலும் கெட்டியான செம்மண் சரளை. முழுக்க ஒரே மண்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை நம்பிச் சாலையோர மண்கரையைச் சுவர் மாதிரி நிமிர்த்தி வெட்டினார்கள்.

கரையடியில் வடிகால் தோண்ட, கச்சிராயபாளையத்திலிருந்து ஆறு பேர் கூலிக்கு வந்தார்கள். இரண்டு நாள் பெய்த மழை விட்டு வெயில் அடித்த நாள் அது. அவர்களில் ஓர் அம்மா நடுப்பகுதியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், அங்கெல்லாம் கடப்பாரை எறங்கவே மாட்டேங்குது. இங்க மட்டும் பொதபொதன்னு போவுது. மண்ணு வெள்ளையா, வழவழன்னு இருக்குது. இன்னான்னு வந்து பாருங்க."

"மண்ணெல்லாம் பாத்தாச்சு. நீ வேலையைப் பாரும்மா" என்று எரிந்து விழுந்தேன்.

மதியம் நிழல் இருந்தது அந்தக் கரையடியில் மட்டும்தான். ஆனால் ஆறு பேரும் தூக்குச்சட்டியோடு எதிர்ப்பக்கம் போய் வெயிலில் உட்கார்ந்தார்கள். என் பேச்சை நம்பவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே நிழலில் ஒரு கல்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

அந்த அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். நான் திரும்பவே இல்லை. பிறகு, "சார், கருவாட்டுக் கொழம்பு ஜாஸ்தியா இருக்குது. வெறும் தயிர்சோத்த இன்னாத்துக்கு சாப்டுக்கினு இருக்கீங்க? வாங்க" என்றார். வாசனை வீம்பை ஜெயித்துவிட்டது. டிபன் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோதே பின்னால் தொப்பென்று சத்தம். நடுப்பகுதி மட்டும் பெயர்ந்து, சாலையில் பாதி வரை சரிந்து கிடந்தது. நான் உட்கார்ந்திருந்த கல்லையும் டிபன் பாக்ஸையும் காணோம். இரண்டு பக்கமும் செம்மண் கரை அப்படியே நின்றது. நடுவில் இருந்தது வெள்ளைக் களிமண். மழைத் தண்ணீரைக் குடித்து ஊறியிருந்திருக்கிறது.

"சொன்னீங்களேம்மா..." என்றேன்.

"கொழம்பு எங்களுக்கே அளவாத்தான் சார் இருந்திச்சி" என்றார் அவர். "வேற இன்னா சொன்னா நீங்க எழுந்து வருவீங்க?"

மறுநாளே நான் எழுதியது தப்பு என்று ஒப்பந்தக்காரரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டு வாங்கினேன். கரையைச் சாய்வாக வெட்டினோம். இப்போதெல்லாம் ஜீப் போகாத இடத்தில்தான் என் முதல் குழி.

ஏறிப் போக அலுத்துக்கொண்ட அந்த நாலு எட்டுக்காக ஆறு பேர் உயிரைப் பணயம் வைத்திருந்தேன் என்பது, இன்றும் அந்த டிபன் மூடியைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் வந்து நிற்கிறது.