செவ்வாய்க்கிழமைக்காரர்களின் மாத்திரை

பொழுது சாயும்போது மனைவி சமைத்த சாப்பாடு கணவன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், எல்மினா கடற்கரையில் அந்தக் கல்யாணம் முறிந்துவிட்டது என்று பேச்சு. கல்யாணத்துக்குப் பிறகும் அங்கே அவள் தன் தாய்வீட்டில், அவன் தன் தாய்வீட்டில். நடுவே தெருவில் நடந்துபோகும் அந்தச் சாப்பாடுதான் தாம்பத்தியம். மீனுக்குப் புகைபோட்டு விற்கும் அராபா இதில் ஒரு நாளும் தவறியதில்லை. மழையாவது காய்ச்சலாவது! தலையில் பாத்திரம் ஏறிவிட்டால் கால் தானாக நடக்கும்.

அந்தக் கால்தான் இப்போது மக்கர் செய்தது.

தொடையில் தொடங்கிய வலி இடுப்புவரை ஏறியிருந்தது. புகையடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் கண் சொருகும். கடலுக்கடியில் மணலில் நடந்துகொண்டிருப்பாள். எட்டு வைக்க வைக்கக் கரை தள்ளிப்போகும். மீன்கள் முழங்காலை உரசிக்கொண்டு போகும். பயமே இருக்காது, சுகமாகக்கூட இருக்கும். விழித்ததும்தான் பயம் பிடிக்கும். நடக்க முடியாமல் போனால் கணவன் ஏபோ என்ன நினைப்பான்? ஊர் என்ன சொல்லும்?

வயசாகிவிட்டது என்றே நினைத்தாள். தினமும் விழுங்கும் மாத்திரையின் மேல் சந்தேகம் வரவேயில்லை, பாவம்.

சில மாதங்களுக்கு முன் மாதாகோவிலில் நடந்த மருத்துவ முகாமில் இருவருக்கும் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருப்பதாகச் சொன்னார்கள். ஏபோ ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிவந்தான். அராபா போகவில்லை.

"யோவ், நீயும் செவ்வாக்கிழம பொறந்தவன், நானும் செவ்வாக்கிழம பொறந்தவ. ஒரே கிழமையில பொறந்தவங்களுக்கு ஒரே உசுருன்னு பெரியவங்க சொல்றதுதானே? உனக்குச் சேர்றது எனக்குச் சேராதா?"

"அதானே! ஊசி குத்திக்க பயம்னு சொல்லேன்டி," என்று சிரித்தான் ஏபோ. ஆனாலும் தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவள் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைப்பான். அவன் ஆறடி ஆள். அவள் அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டாள். இருவருக்கும் அதே மாத்திரை, அதே அளவு. அதில் எவ்வளவு பிரியம் இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் சோளக்களியும் மிளகாய் அரைத்த மீனுமாகப் புறப்பட்டவள், உப்பங்கழிப் பாலம் தாண்டவில்லை. கரையில் கவிழ்த்திருந்த படகின் மேல் சற்றே சாய்ந்தாள். அலை வந்தது, போனது. வானம் கீழே இறங்கிவந்து அவள் முகத்தைத் தொடுவது போலிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். தொடைகள் மறுத்துவிட்டன. வலை தூக்கிப்போன பெண்கள்தான் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பாடு போய்ச் சேரவில்லை.

விடிந்ததும் ஏபோ வாசலில் நின்றான். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"என்னடி, என்னைய வேணாம்னுட்டியா? எங்கக்கா சொல்லிட்டா, 'உன் பொண்டாட்டி கல்யாணத்த முறிச்சுட்டாடா'ன்னு."

"உங்கக்கா வாயில மண்ணப் போட! கால் வரலய்யா எனக்கு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. ஏபோ அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான்.

நர்ஸ் எகுவா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அம்மா, உங்க உசுரு செவ்வாக்கிழம பொறந்திருக்கலாம். கல்லீரலுக்குக் கிழமையெல்லாம் தெரியாது. உள்ள போற மருந்த உடைச்சுக் கழிக்கிறது அதுதான். ஆம்பளைக்கு ஒரு மாதிரி வேல செய்யும், பொம்பளைக்கு வேற மாதிரி. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா இதே மாத்திரை பொம்பளைங்க சில பேருக்கு ரத்தத்துல கூடுதலாத் தங்கிப்போய் தசையப் புடுங்கும். உடம்பும் உங்களுக்குச் சின்னது. ஐயா, பாசம்னு நெனச்சு இப்படியா குடுப்பீங்க?"

ஆறடி ஏபோ குன்றிப்போனான்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வலி குறைய நாளாகும், பிறகு வேண்டுமானால் அவளுக்கென்று தனியாக, குறைந்த அளவில் தரலாம் என்றார். அதுவரை நடையைக் குறைக்க வேண்டும். அராபாவுக்கு அதுதான் இடி. நடையில்லாமல் எந்தக் கல்யாணம்?

வீடு திரும்பி, களி கிண்டி இறக்கிவைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். யாரிடம் கொடுத்தனுப்புவது? பிறத்தியார் கையில் போனால் அதற்கும் ஊர் ஒரு கதை கட்டும். மத்தியானம் மெல்ல நழுவிப்போனது. புகை மேலே போகும் வழியைப் பார்த்துக்கொண்டே மறுபடி கண்ணயர்ந்தாள்.

தெருவில் எழுந்த சிரிப்புச் சத்தம் அவளை எழுப்பியது. மீன்காரப் பெண்கள் யாரையோ வளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், மாப்பிள்ளையப் பாருங்கடி! சோறு வர்ற வரைக்கும் பொறுக்கலையாம், பொண்டாட்டி வீட்டுக்கே கெளம்பிட்டாரு!"

"வெக்கமில்லையாய்யா உனக்கு?"

ஏபோவின் குரல் கேட்டது. நிதானமாகத்தான் பேசினான்.

"பசி என்னோடது. அப்ப நடக்க வேண்டியது யாரு?"

வளைத்து நின்ற பெண்கள் விலகி அவனுக்கு வழிவிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி அராபாவுக்கே தோன்றியதில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, களி இருந்த பானையின் மூடியைத் திறந்தாள்.