பேரையூர் பஸ்ஸில் நான் கொடுத்த இடம்

பஸ் எந்த ஊரோடு திரும்பிவிடுகிறதோ, அந்த ஊர் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டு வருவதில் எனக்கு ஒரு பைத்தியம். "காசைக் குடுத்து இடுப்புவலி வாங்கிட்டு வாரீக" என்பது வீட்டில் வழக்கமான அர்ச்சனை. மதுரைக்குப் பக்கத்தில் கோச்சடையில் குடியிருக்கிறேன், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. 1937 ஆனி மாதம், பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயத்தில், ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பேரையூருக்குக் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து சுமார் முப்பத்திரண்டு மைல், கட்டணம் பத்தணா. பதினொன்றரைக்குப் புறப்படும் என்றார்கள். ஆள் நிறையக் காத்திருந்து பன்னிரண்டுக்குத்தான் நகர்ந்தது. திருமங்கலம் சேர மணி ஒன்று. அதைத் தாண்டினால் பச்சை முடிந்துவிடுகிறது. கரிசல் வெடித்துக் கிடக்க, மேல்காற்று மண்ணை அள்ளி முகத்தில் வீசுகிறது. வலதுபுறம் வேண்டாம், இடதுபுறம் உட்காருங்கள்.

முன் பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருவர் அன்னம்மாள் டீச்சர், மிஷன் பள்ளியில் படித்தவர். வாய் சும்மா இருக்காதே எனக்கு, விசாரித்துவிட்டேன். பேரையூர்ப் பெண்கள் பள்ளியில் முதல் உத்தியோகமாம். அன்று நாலு மணிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம். பக்கத்தில் இருந்தது ஒரு பண்ணையாரின் மனைவி. டீச்சருக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார். பண்ணையாரும் நானும் பின் பெஞ்சில். அவரும் டீச்சரம்மா, டீச்சரம்மா என்று தங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசி வந்தார்.

ஒன்றே முக்காலுக்கு இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றாமல் நகராது. ஊர்க் கிணறு ஒரு மைல். ரோட்டோரம் இருந்தது சேரிக் கிணறு. டிரைவர் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்க, பண்ணையார் தடுத்தார்.

"நீ எறைக்காதப்பா. டப்பாவத் தரையில வையி, அவளுக மேல இருந்து ஊத்தட்டும். பானை படக்கூடாது. நம்ம வண்டிக்குள்ள வைக்கிற டப்பா."

பஸ்ஸே தலையாட்டியது. கிணற்றடியிலிருந்து ஒரு பெண் பானையோடு வந்து, இடுப்பு உயரத்தில் நின்று ஊற்றினாள். ஆனிக் காற்று விடுமா? முக்கால்வாசித் தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போயிற்று. நாலு பானை காலி, டப்பா பாதிகூட நிரம்பவில்லை. இஞ்சினுக்குத் தீட்டில்லையாம், தகரத்துக்கு உண்டாம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

"அம்புட்டும் காத்துல போகுதேய்யா. ஊத்துத் தண்ணி, ஊறணும்ல?" என்றாள் அந்தப் பெண்.

அதுவரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் இறங்கினார். அடுத்த பானையை அவளிடமிருந்து வாங்கி, இஞ்சினில் நேராகவே ஊற்றினார். மிச்சத்தைக் கையில் ஏந்திக் குடித்தார்.

பண்ணையார் முகம் மாறிவிட்டது. "நீங்க என்ன ஆளுக?"

"இந்தா, இவுக ஆளுகதான்யா" என்று அந்தப் பெண்ணைக் காட்டிவிட்டு, டீச்சர் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"இவளை எறக்கி விடுப்பா!" டீச்சரம்மா அதற்குள் 'இவ' ஆகிவிட்டார். டிரைவர் தலையைச் சொறிந்தார். "காசு வாங்கியாச்சுண்ணே. எறக்கிவிட்டா முதலாளிக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப நீ எந்திரி" என்று தன் மனைவியிடம் சொன்னார் பண்ணையார். வண்டியில் வேறு இடம் கிடையாது. அந்த அம்மாள் முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி டீச்சரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

மணி இரண்டரை. சண்டை வளர்ந்தால் டீச்சரின் வேலை போய்விடும் என்று எனக்குப் பதைப்பு. எழுந்து, "அம்மா, என் இடத்துக்கு வாங்க" என்றேன். அவர் வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. இருவர் உட்காரும் பெஞ்சில் டீச்சர் தனியாக. நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். அடிதடியில்லாமல் முடித்துவிட்டோமே என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

மூன்று முப்பத்தைந்துக்குப் பேரையூர். டீச்சரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளி வரை போனேன். பத்து நிமிஷம் மிச்சமிருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"எப்படியோ சமாளிச்சிட்டோம்" என்றேன்.

"ஒண்ணு கேக்கவா சார்? நீங்க எடம் குடுத்தது எனக்காகவா, அவருக்காகவா?"

"நான் எந்திரிக்கலைன்னா அந்தம்மா எந்திரிச்சு நின்னிருப்பாங்க, சண்டை பெருசாகியிருக்கும்..."

"அந்தம்மா எந்திரிக்கவே இல்லையே சார். நீங்கதான எந்திரிச்சீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரையும் மேற்கே தெரியும் மலையையும் பார்க்கத்தான் வந்திருந்தேன். பார்த்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பி வர ஐந்தேகாலுக்குக் கடைசி பஸ் உண்டு. அதை விட்டால் சத்திரத்தில்தான் படுக்கவேண்டும். கடைத்தெருவில் காப்பி சுமார், இட்லி பரவாயில்லை. ஆனி, ஆடியில் தலைக்குத் துண்டு அவசியம். வழியில் யாரையாவது பக்கத்தில் இருப்பவரை விட்டு எழச் சொல்வார்கள். அவர் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்தத் தயக்கத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்.