கணப்பருகே ஒரு கை

வலது தோளில் தசைநார் கிழிந்த பிறகு, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு வலது கை போனால் பிழைப்பே போனது. வேறு வழியில்லாமல்தான் மலையிறங்கி அறுவைசிகிச்சைக்குச் சம்மதித்தேன்.

கையை மரத்துப்போக வைத்தால் போதும், முழு மயக்கம் வேண்டாம் என்றார் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. கழுத்தில் சில்லென்று எதையோ தடவி, ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் ஒரே சாம்பல் குழப்பம். நடுவே, ஒன்றின்கீழ் ஒன்றாகக் கருத்த வட்டங்கள்.

"சிக்னல் லைட்டு மாதிரி தெரியுதுல்ல? அதான் உங்க கைக்குப் போற நரம்பு."

"அப்ப பச்சை எப்பங்க விழும்?"

"நாளைக்குக் காலையில உணர்ச்சி வந்துரும். அது வரைக்கும் சூடான சாமான் பக்கம் கையைக் கொண்டுபோயிராதீங்க."

அடுப்படி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவனிடம் இதை ஏன் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊசி உள்ளே நுழைவது திரையில் தெரிந்தது. மருந்து அந்த வட்டங்களைச் சுற்றி இருட்டாகப் பரவியது. என் கழுத்துக்குள் நடப்பதை நானே வேடிக்கை பார்த்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

கை கனத்தது. பிறகு காணாமல் போனது. அதோடு விட்டிருந்தால் தேவலை. முழங்கை மடங்கி, என் கை நெஞ்சுக்கு மேலே அந்தரத்தில் நிற்பது போலவே இருந்தது. நர்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கையைத் தூக்கித் துடைத்தபோது, அது யாருடையது என்று கேட்க வாயெடுத்தேன். நகத்தில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்த பிறகுதான் என்னுடையது என்று தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து, சாயங்காலமே மச்சினன் வண்டியில் மலையேறினோம். அவன் வளைவுகளில் திருப்பிய லட்சணத்துக்கு வாய் நிறையத் திட்டியிருப்பேன். ஆனால் குரல் கம்மி, வேறு எவனோ பேசுவது போல வந்தது. கண்ணாடியில் பார்த்தால் வலது இமை பாதி இறங்கிக் கிடந்தது. மருந்தின் வேலை, தானாகச் சரியாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அட்டுவம்பட்டியில் வீடு சேரும்போது மூடுபனி வாசல் வரை வந்துவிட்டது. எங்கள் மலையில் யார் வந்தாலும் முதலில் கணப்பு பக்கத்தில் உட்காரவைப்போம், காப்பி அப்புறம்தான். கரி கனிந்திருக்கும் அந்த இரும்புச் சட்டியை நாங்கள் யாரும் சூடான சாமான் கணக்கில் சேர்ப்பதே கிடையாது.

மனைவி என் இரண்டு கைகளையும் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க இது, நல்ல கை சில்லுன்னு கெடக்கு. மரத்த கை சுடுது!"

பயத்தை மறைத்துக்கொண்டு, சட்டையை மாற்ற, கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டியிருந்த தூளியைத் தளர்த்தினாள். பிறகு கணப்பை இன்னும் நெருக்கி வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். என் கை நெஞ்சுக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது. கண்ணை மூடினேன்.

ஏதோ கருகும் வாடை.

"அடுப்புல என்ன வச்சிருக்க?" என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்தவள் அலறினாள். தூளியிலிருந்து நழுவிய கை சட்டியின் விளிம்பில் கிடந்தது. ஆள்காட்டி விரல் வெந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலி ஒன்றுமே தெரியவில்லை. அவள் விரலைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. இந்தக் கை இனி வரவே போவதில்லை என்ற பயம் அப்போதுதான் வந்தது.

வெள்ளனே விழிப்பு வந்தது. தோள் இன்னும் மரக்கட்டையாகவே இருந்தது. விரல் நுனியில் மட்டும் என்னவோ சுருக்கென்றது. பிறகு எரிந்தது. நெருப்பாய் எரிந்தது.

"எரியுதுடி!"

அவள் பதறிப்போய் வலி மாத்திரையோடு ஓடிவந்தாள்.

"அப்புறம் தா," என்றேன். "கொஞ்ச நேரம் எரியட்டும்."