பங்களாவுக்கு ஒரு பிஸ்டல்

கடைக்காரர் கண்ணாடி மேசையின் மேல் ஒரு பச்சைத் துணியை விரித்து, இரண்டு பிஸ்டல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. இரண்டும் கறுப்பு, ஒரே நீளம், இரண்டுக்கும் ஒரே தோட்டா. விடியற்காலையில் தலவாக்கலையிலிருந்து புறப்பட்டு, கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, கொழும்பு வெயிலில் வந்து இறங்கியிருந்தேன். அந்த லட்சணத்தில் நான் நிற்கும்போது என் வீட்டுக்காரர் திரும்பி, "நீ சொல்லு, எது?" என்றார். கல்யாணச் சேலை எடுத்த அன்றுகூட அவர் வீட்டார் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் தேயிலைத் தோட்டத்துத் துரை. தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, சின்னத் துரையாகச் சேர்ந்து, தலை நரைக்கிற வயதில் பெரிய துரையாக ஆனவர். நானும் லயத்துப் பிள்ளைதான். டயகமப் பக்கம் என் அக்கா இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். பங்களாவுக்குக் குடிவந்த புதிதில் யாராவது "தொரசாணியம்மா" என்று கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். பழகப் பழகத் திரும்பிப் பார்ப்பது நின்றுபோனது.

பிஸ்டல் பேச்சு ஒரு கல்லில் ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கம்பனி கூட்டியது. கூட்டியது கம்பனி, அதைக் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் வாய்விட்டுச் சொன்னவர் இவர். இரண்டாம் நாள் பெண்கள் கூடையோடு பங்களா வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஆம்பிளைகளில் எவனோ ஒருவன் கல்லெறிந்தான். சாப்பாட்டு அறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு, கல் பருப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. இவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். அதே மாதம் வேறொரு தோட்டத்தில் துரையை ஆபீசுக்குள்ளேயே அடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு இவருக்குத் தூக்கம் போய்விட்டது. நாய் குரைத்தால் எழுந்து உட்காருவார். அவர் எழுந்தால் நானும் எழ வேண்டும். கம்பனி சிபாரிசுக் கடிதம் கொடுத்தது. பொலிஸ், கிராம சேவகர், அமைச்சு என்று மாதக்கணக்கில் அலைந்தார். ஒரு தமிழன் துப்பாக்கி கேட்டால் எத்தனை பேர் வீடு தேடி வந்து டீ குடித்து விசாரிப்பார்கள் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். டீ போட்டது நான்.

எனக்கு இருந்த ஒரே கவலை எங்கள் பின்கதவு. தோட்டத்து ஜனங்கள் பங்களாவின் முன்கதவுக்கு வரமாட்டார்கள், அது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். குசினிப் பக்கம்தான் வருவார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் போனுக்கு சிக்னல் கிடைக்காது, அந்தப் பாதையில் ஆம்புலன்சும் ஏறாது. பிரசவ வலி, நெஞ்சு வலி, பாம்புக்கடி, எதுவானாலும் தோட்டத்து லொறிதான். லொறியை எடுக்கத் துரையின் வார்த்தை வேண்டும். அதனால் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக ஓடிவந்து, கதவைத் தட்டி, கத்துவார்கள். ஒரு ஆளாக வந்தால் துரை எழும்ப மாட்டார் என்று அவர்களுக்கு எந்தக் காலத்திலோ மனதில் பதிந்துவிட்டது. புதிதாகப் பார்க்கிற எவருக்கும் அது ஏதோ கலகம் என்றுதான் தோன்றும். லயத்தில் பிறந்த எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் அம்மாவுக்கு ரத்தப்போக்கு வந்தபோது என் அப்பாவும் இப்படித்தான் ஒரு பங்களாக் கதவில் போய்க் கத்தியிருக்கிறார்.

அதைச் சொன்னேன். "நம்ம கதவுக்கு வர்றவங்க எல்லாருமே கத்திக்கிட்டுதாங்க வருவாங்க. நீங்க யாருன்னு பார்த்துச் சுடப் போறீங்க?"

"நான் யாரச் சுடப் போறேன்? வீட்ல சும்மா கெடக்கட்டும். இருக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்சா அப்புறம் வருவாங்களா?"

அவர் சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என்னிடம் அதற்கு மேல் வாதாடத் தெம்பு இல்லை. முப்பது வருஷம் வாதாடிய பிறகு, மனைவிக்கு எது ஜெயிக்கும் எது ஜெயிக்காது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைக்காரர் எங்களைச் சுடுபயிற்சி இடத்துக்கு அனுப்பினார். அங்கே பயிற்சி கொடுத்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். தொந்தியும் நல்ல சிரிப்புமாக இருந்தார். இரண்டு பிஸ்டலுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்தான் எங்களுக்கு விளங்கவைத்தார். ஒன்றில் கட்டைவிரல் படுகிற இடத்தில் சின்னத் தாழ்ப்பாள் மாதிரி ஒன்று இருந்தது. சேப்டி என்றார். அதைத் தள்ளிவிட்டால்தான் சுடும். மற்றதில் அப்படித் தள்ளுவதற்கு எதுவும் கிடையாது. எடுக்கலாம், அழுத்தலாம், வெடிக்கும்.

"வீட்டுக் காவலுக்கு என்றால் சேப்டி இல்லாததுதான் நல்லது, மாத்தயா," என்று சிங்களத்தில் சொன்னார். "பயத்தில் இருக்கும்போது கட்டைவிரலுக்கு ஞாபகம் இருக்காது. சுடாமல் போகிற அந்த நேரம் போதும், திருடன் மேலே விழுந்துவிடுவான். இங்கே வந்து பழகுவதற்கு மட்டும் என்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதான்."

இவர் இரண்டிலும் சுட்டார். எதிரில் தாளில் ஒரு ஆள் உருவம், முகமில்லாதது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓட்டை விழுந்தது. ஆனால் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தக் கல் விழுந்த நாளுக்குப் பிறகு நான் அதைப் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுபடியும், "எது?" என்றார். உரிமம் அவர் பெயரில். சட்டப்படி வீட்டில் அதை நான் தொடக்கூடக் கூடாது. ஆனால் பகல் முழுக்க அதோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப் போகிறவள் நான்.

"சுடறதுக்கு முன்னாடி எதுல வேலை கூடவோ, அதையே எடுங்க," என்றேன்.

பயிற்சிக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. திரும்பக் கடைக்குப் போகும் வழியெல்லாம் மற்றதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கைக்கு வாகாக இருக்கிறதாம், பட்டாளத்துக்காரரே சொல்லிவிட்டாராம். நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் சேப்டி உள்ளதைத்தான் வாங்கினார். நான் சொன்னதற்காகவா, இன்னொரு தடவை என்னோடு மல்லுக்கட்ட முடியாமலா, தெரியாது. கேட்கவும் இல்லை.

அலுமாரியில் பூட்டு போட்டுப் பிஸ்டலை வைத்தார். எப்போதாவது கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போனால், அந்தப் பயிற்சி இடத்துக்கும் போய்வருவார். ஓட்டை விழுந்த தாளைச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார். பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டுகிற பிள்ளை மாதிரி நிற்பார். "நல்லா இருக்கு," என்பேன். நன்றாகத் தூங்கினார். அந்த ஒரு புண்ணியத்துக்காகவாவது அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஆடி மழை நிற்கவே இல்லை. ஒரு பின்னேரம் கரண்ட் போய், மூட்டம் ஜன்னல்வரை வந்து அடைத்துக்கொண்டது. இவர் காய்ச்சலில் சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நான் குசினியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். நாய்கள் குரைத்தன. அடுத்து அந்தச் சத்தம். ஒரே கூட்டமாக ஆம்பிளைக் குரல்கள், "தொர! தொர!" என்று. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நான் கதவுக்கு நகர்வதற்குள் இவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். கம்பளி தோளில் தொங்குகிறது. இரண்டு கையாலும் பிஸ்டலை நீட்டிப் பிடித்திருக்கிறார். கரண்ட் போனதுமே அதை அலுமாரியிலிருந்து எடுத்துக் கம்பளிக்குள் வைத்திருந்திருக்கிறார்.

"ஏங்க, நம்ம ஆளுங்கங்க!" என்று கத்தினேன். தட்டிய வேகத்தில் கதவு திறந்துகொண்டது.

முன்னால் நின்றவன் மேல் டிவிஷன்காரன், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். தலை முதல் கால்வரை சேறு. கையில் மண் தோண்டுகிற இரும்பு அலவாங்கு. அவனுக்குப் பின்னால் மண்வெட்டியோடு பத்துப் பேர். பிறகு அவன் அலவாங்கைக் கீழே போட்டான், பிஸ்டலைப் பார்த்தபடியே பேசினான்.

"தொர... மண்ணு சரிஞ்சிருச்சுங்க. லயத்துப் பின்சொவரு உளுந்திருச்சு. எம் பொண்டாட்டி உள்ள கெடக்குதுங்க. லொறி வேணுங்க."

இவர் கையைக் கீழே இறக்கினார். அதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. காய்ச்சலோடு மழையில் ஓடினார். லொறியைத் தானே ஓட்டிப் போனார். அதட்டி ஆள் சேர்த்து, தன் கையாலும் மண்ணை அள்ளினார். அந்தப் பெண்ணை உயிரோடு எடுத்தார்கள். கால் எலும்பு முறிந்ததோடு தப்பினாள். நுவரெலியா ஆஸ்பத்திரிவரை இவரே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். தோட்டம் முழுக்க அதைத்தான் பேசினார்கள். எந்தத் துரை இப்படி மண்ணில் இறங்குவார் என்றார்கள். பிஸ்டலைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்து குளித்துவிட்டு, நான் சூடுபண்ணிக் கொடுத்த கஞ்சியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நல்லவேளை, நீ சொன்னதையே வாங்குனேன்," என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பக்கத்து முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவர் அழுத்தியிருக்கிறார். கதவு திறந்ததும் விசையை அழுத்தியிருக்கிறார். சேப்டியைத் தள்ளக் கட்டைவிரலுக்கு ஞாபகம் வரவில்லை, அதனால்தான் அது வெடிக்கவில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்று வந்தது, அழ வேண்டும் என்று வந்தது. இரண்டையும் செய்யவில்லை. கஞ்சி ஆறிப்போகிறது, குடியுங்கள் என்றேன்.

மறுநாளே அதைப் பொலிசில் ஒப்படைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொடுப்பதற்கும் வாங்குவதற்குப் பட்ட பாட்டில் பாதி பட வேண்டியிருந்தது. கடைசியில் ஒருவழியாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டோம் என்று ஜனங்களிடம் எப்படிச் சொல்வது? பெரட்டில் நின்று அறிவிக்கவா முடியும்?

அதற்குப் பிறகு யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவே இல்லை, தோட்டத்தில் யாருக்கும் சுகக்கேடு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. இன்னாருக்குப் பிள்ளை பிறந்ததாம், ரோட்டுவரை தூக்கிப்போய் த்ரீவீல் ஆட்டோ பிடித்தார்களாம். இன்னாருக்கு வலிப்பு வந்ததாம். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. வழியில் பார்த்தால் முன்னைப்போலவே கும்பிட்டார்கள், சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் ஒரு விடியற்காலை, பெரட்டு மணி அடிப்பதற்கு முன்னால், மழைத்தூறலில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. பங்களா கேற்றைத் தாண்டித்தான் அவர்கள் ரோட்டுக்கு இறங்க வேண்டும். மேலேயிருந்து இறங்கி வரும்போது ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள், கேற்றுக்குக் கிட்ட வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றுப் பிள்ளைக்காரியை உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வருகிறார்கள். ஒருவன் குடை பிடிக்கிறான். செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு ஓடினேன்.

நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்தவன் அதே கவ்வாத்துக்காரன்தான். சுமப்பது அவன் மகளை.

"நில்லுங்கப்பா! லொறி இருக்குல்ல? தொரைய எழுப்புறேன், ஒரு நிமிஷம்!" என்றேன்.

"வேணாங்கம்மா," என்றான். கோபமே இல்லாத குரல். "ஆள் அனுப்பி த்ரீவீலுக்குச் சொல்லிட்டோங்க, கீழ நிக்கும். தொர தூங்கட்டும். திடீர்னு எழுப்புனா பயந்துக்குவாருங்க."

உண்மையாகவே எங்கள்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னான். நாற்காலியை மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பங்களாவைத் தாண்டும்வரை அவளும் கத்தவில்லை. வளைவு திரும்பிய பிறகுதான் அவள் குரல் கேட்டது.

நான் உள்ளே வந்தேன். இவர் தூங்கவில்லை. ஜாக்கெட்டை மாட்டி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, லொறிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் சத்தம் கேட்டபோதே எழுந்துவிட்டார் போலிருக்கிறது. தட்டுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

"போயிட்டாங்களா?" என்றார்.

"போயிட்டாங்க," என்றேன்.