ஆறு பத்துக்கு அழுத்திய பட்டன்

ஆயுத பூசை விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த அன்று, சர்வர் அறை வாசலில் நின்ற அமுதத்துக்கு உள்ளங்கை ஈரமாகிக்கொண்டே இருந்தது. முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் ஈரமானது.

வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மருந்துக் கம்பெனியில் அவள் கான்ட்ராக்டர் ஆளாக ஆறு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறாள். நெட்டப்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். ஏழாவதோடு பள்ளியை விட்டுக் கரும்புக்குக் களை எடுக்கப் போனவள். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். ஆனால் யார் எந்த நாற்காலியை எங்கே இழுத்துப் போட்டார்கள் என்பதுவரை அவள் கண்ணில் பட்டுவிடும்.

விடுமுறை முழுக்க சர்வர் நின்று கிடந்திருக்கிறது. மருந்து வைக்கும் குளிர் அறையின் வெப்ப அளவு எதுவும் பதிவாகவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கும் பிரிட்டோ அதை மறுபடி ஓடவிட்டுத் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். பின்னால் மேனேஜர் புகழ்வேந்தன்.

“இதுக்கு லாக்னு பேரு சார். மெஷின் தனக்கு நடக்குறதெல்லாம் வரி வரியா எழுதி வச்சிக்கும். மொதல்ல நேரம், அப்பால எந்த மெஷின், எந்த புரோகிராம், கடைசில இன்னா நடந்துச்சுன்னு. ஆஃப் ஆனாலும் டிஸ்க்ல இருக்கும்.” அவன் விரல் நின்றது. “தோ. பூச அன்னிக்கு ஆறு பத்து. யாரோ பவர் பட்டன அமுக்கியிருக்காங்க.”

“காலைல ஆறு பத்துக்கு இந்த ரூம்ல யாரு? இவதான். இன்னாம்மா அமுதம், தொடைக்கச் சொன்னா தூங்க வச்சிட்டியே!” என்றார் புகழ்வேந்தன்.

அன்று அந்த நேரத்தில் அமுதம் சர்வரின் முகப்பைத் துடைத்தது உண்மை. துணிக்கு அடியில் ஏதாவது அமுங்கியதா? எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுறேன். நாளையிலேர்ந்து வேற ஆள அனுப்பட்டும்.”

அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கத் திரையைப் பார்த்தாள். பிரிட்டோ ஏதோ தட்டத் தட்ட அடியில் புது வரிகள் விழுந்தன. இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். 04:52. சுவரில் கடிகாரம் பத்து இருபத்திரண்டு. இன்னொரு வரி விழுந்தது. 04:53.

தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் நாளைக்கு வேலை இல்லை.

“சார்… இப்ப விழுந்த வரில நாலு அம்பத்தி மூணுன்னு போட்டிருக்குங்க. இப்ப மணி பத்தே காலத் தாண்டிட்டுது.”

பிரிட்டோ சுவரைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். “அட! இந்த மெஷின வச்சப்ப நம்ம ஊரு டைம யாரும் போடல சார். வெளிநாட்டு நேரத்துலயே ஓடுது, அஞ்சர மணி நேரம் பின்னால. அப்ப ஆறு பத்துன்னா…” விரல்விட்டு எண்ணினான். “பதினொண்ணு நாப்பது. அக்கா, அன்னிக்கு எப்பக் கெளம்புனீங்க?”

“எட்டுக்கே வூட்டுக்குப் போயிட்டேன்.”

“பூச எத்தினி மணிக்கு சார்?”

மூன்று பேரும் சர்வரைப் பார்த்தார்கள். முகப்பில் வரிசையாகக் காய்ந்த சந்தனப் பொட்டுகள். கடைசிப் பொட்டு உருண்டைப் பட்டனின் மேலேயே, நடுவில் குங்குமத்தோடு இருந்தது.

“பட்டனுக்கெல்லாமா சார் பொட்டு வப்பாங்க?”

“மேலாக்கத்தான்பா வச்சேன்…” என்ற புகழ்வேந்தன் சட்டென்று அமுதத்தின் பக்கம் திரும்பினார். “நீ ஏன் இன்னும் நிக்கிற? போய் வேலயப் பாரு.”

“கான்ட்ராக்டர்கிட்ட…”

“ஒண்ணும் சொல்லல, போ.”

மறுநாள் காலை அந்த அறையைத் துடைத்தபோது, பட்டனைச் சுற்றி நாலு விரற்கடை விட்டுவிட்டுத்தான் துணி போனது. கதவைச் சாத்திவிட்டு நேராக கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் இருசப்பன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மணி இன்னா?”

“ஆறு அஞ்சு. ஏன், இப்பவே பஸ் புடிக்கப் போறியா?”

“இல்ல. அந்த ரூம்லேர்ந்து நான் வெளிய வந்துட்டேன். மணியப் பாத்துக்கங்க.”